‘நாங்கள் செய்தோம்’ என்றால், நீங்கள் என்ன செய்தீர்கள்?

“அக்கா, எனக்கு வயது 25. சொந்த ஊர் வவுனியா. தெஹிவளையில் எச்என்டி ஐடி முடித்துவிட்டு, இரண்டு வருடமாக வெள்ளவத்தையில் எட்டுப் பேர் மட்டும் உள்ள ஒரு சின்னக் கம்பனியில் மொபைல் செயலிகள் செய்கிறேன். எல்லாம் ஃப்ளட்டரில்தான், ஒரே கோடில் அன்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதும் முறை. கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாற விருப்பம். இந்த வருடம் மூன்று இன்டர்வியூ போனேன், மூன்றும் சரிவரவில்லை. முதலாவதில் அசிங்க் (ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போது மற்ற வேலையை ஓடவிடும் முறை) பற்றிக் கேட்டார்கள். தெரியும் என்று நினைத்துச் சொன்னேன், பிழையாகிவிட்டது. இரண்டாவதில் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் கோட் எழுதச் சொன்னார்கள். பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. மூன்றாவதில் ‘நீங்கள் செய்த ஒரு செயலியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றார்கள். லேசான கேள்வி, அதில்தான் மோசமாக மாட்டினேன். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை அக்கா. ஒரு லீசிங் கம்பனியின் வெளிக்கள ஆட்கள் பாவிக்கும் செயலி. சில போன்களில் படிவம் வெறுமையாகிவிடும் பிரச்சினை ஒன்றைச் சரிப்படுத்தினேன், மற்றதெல்லாம் எல்லாரும் சேர்ந்து செய்தது. எனக்கு ஆங்கிலமும் அவ்வளவு ஓடாது. நேரடி அன்ட்ரொய்டுக்கு எழுதும் கொட்லின் மொழியைப் படிக்கவா, ஐபோன் பக்கம் போகவா? சம்பளம் கேட்டால் என்ன சொல்வது?”

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது அசிங்க், 500, கொட்லின் என்று பதில் எழுத வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு போனேன். இரண்டாம் தரம்தான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது: “சில போன்களில் படிவம் வெறுமையாகிவிடும் பிரச்சினை ஒன்றைச் சரிப்படுத்தினேன்.” இதை ஏன் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்? மூன்றாவது இன்டர்வியூவில் உங்களிடம் கேட்டதே இதைத்தான்.

கொழும்பில் ஒன்பது வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆள் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் நான் காணும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தான் தனியே இருக்கும் அறையைக்கூட ‘எங்கட ரூம்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ‘நான் செய்தேன்’ என்று சொன்னால் தலைக்கனம் மாதிரி நமக்கே காதில் விழும். அதனால் இன்டர்வியூவிலும் “நாங்கள் லொகின் செய்தோம், நாங்கள் மப் போட்டோம், நாங்கள் பேமென்ட் சேர்த்தோம்” என்று போகும். அடக்கம் நல்லதுதான். ஆனால் என் முன்னால் இருக்கும் தாளில் ‘விண்ணப்பதாரர் தானே செய்தது’ என்று ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் நாங்கள், நாங்கள் என்று பேசி முடிக்கும்போது அந்த இடம் வெள்ளையாகவே கிடக்கும். உங்கள் படிவம் மாதிரி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தார். உங்களைப் போலவே சின்னக் கம்பனி, உங்களைவிட ஆங்கிலம் குறைவு. பார்சல் கொண்டுபோகிறவர்களின் இடத்தை மப்பில் காட்டும் செயலி ஒன்றில் வேலை செய்திருந்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டதும், “பஸ்ஸில் போனேன்” என்றார். எங்கள் மனேஜர் நிமிர்ந்து பார்த்தார். மோட்டார் சைக்கிளில் போகிறவரின் புள்ளி மப்பில் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று முறைப்பாடு. ஒபிஸில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக வேலை செய்கிறது. இவர் இரண்டு போன்களை எடுத்துக்கொண்டு பாணந்துறையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஒன்றின் திரையை எரியவிட்டு, மற்றதன் திரையை அணைத்து, புறக்கோட்டை வரைக்கும் வந்திருக்கிறார். திரை எரிந்த போனின் கோடு காலி வீதியோடு ஒழுங்காக வந்தது. அணைத்த போனின் புள்ளி மொரட்டுவையில் நின்று, பிறகு ஒரே பாய்ச்சலில் பம்பலப்பிட்டிக்கு வந்தது.

அன்ட்ரொய்ட் 8இல் இருந்து, பின்னணியில் கிடக்கும் செயலிக்கு ஒரு மணித்தியாலத்தில் சில தடவைதான் இடத் தகவல் கிடைக்கும். 2017இல் வந்த மாற்றம் அது. அதை அவர் பஸ்ஸில் கண்டுபிடித்துவிட்டு வந்து பிறகு வாசித்திருக்கிறார். ‘செயலி ஓடிக்கொண்டிருக்கிறது’ என்ற அறிவித்தலை மேலே நிரந்தரமாகக் காட்டும் போர்கிரவுண்ட் சேர்விசாக மாற்றினார். அப்படியும் சில போன்களின் பற்றரி சேமிப்பு அதையும் நிறுத்தியது. அந்த செட்டிங்கை எப்படி அணைப்பது என்று படம் போட்டுக் காட்டும் ஒரு திரையைச் சேர்த்தார். கடைசியில் அவராகவே, “இன்னும் இரண்டு மொடலில் சரிவரவில்லை” என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் வேறு பெரிய கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தார்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருவோம். நீங்கள் விபரம் எழுதவில்லை, ஆனாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. லீசிங் ஆள் வாடிக்கையாளரின் வீட்டு விறாந்தையில் இருந்து பெயர், முகவரி, வருமானம் எல்லாம் தட்டுகிறார். அடையாள அட்டையைப் படம் எடுக்க பட்டனை அழுத்துகிறார். கமரா திறக்கிறது. படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் படிவம் வெறுமை, எடுத்த படமும் இல்லை. உங்கள் போனில் நடக்காது, ஏனென்றால் உங்கள் போனில் நினைவகம் தாராளம். அவர்களிடம் இருப்பது கம்பனி கொடுத்த மலிவு போன். கமரா நினைவகத்தை அள்ளிக்கொண்டதும், பின்னால் போன உங்கள் செயலியை அன்ட்ரொய்ட் தூக்கி எறிந்துவிடுகிறது. பயனருக்கு அது தெரியாது. அவர் வந்து நிற்பது புதிதாகப் பிறந்த ஒரு செயலிக்குள்.

சரிதானே? அப்படியென்றால் இதை ஆறு ஏழு நிமிடம் சொல்லும் அளவுக்கு ஆயத்தம் செய்யுங்கள். அந்த ஆறு நிமிடத்துக்குள் சில விடயங்கள் வந்தே ஆக வேண்டும். பிரச்சினை உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ வட்ஸ்அப்பில் திட்டி வொய்ஸ் அனுப்பினாரா? அதையே சொல்லுங்கள், நன்றாக இருக்கும். பிறகு அதை உங்கள் மேசையில் எப்படி மறுபடி வரவழைத்தீர்கள்? இங்கேதான் நான் காதைத் தீட்டுவேன். போன் செட்டிங்ஸில் செயலி எழுதுகிறவர்களுக்கென்று இருக்கும் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் ‘டோன்ட் கீப் அக்டிவிட்டீஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஒரு திரையை விட்டு நகர்ந்ததுமே அன்ட்ரொய்ட் அதை அழித்துவிடும். உங்கள் லப்டொப்போடு சேர்ந்த நல்ல போனிலும் அந்த வெறுமைப் படிவத்தைக் கண்ணால் காணலாம். அப்புறம் திருத்தம். ஃப்ளட்டரில் படம் எடுக்க எல்லாரும் பாவிக்கும் இமேஜ் பிக்கர் என்ற ஆயத்தக் கோட் பக்கேஜில், இப்படித் தொலைந்த படத்தைத் திரும்ப எடுப்பதற்கென்றே ‘ரிட்ரீவ் லொஸ்ட் டேட்டா’ என்ற பங்ஷன் இருக்கிறது. செயலி திரும்பத் தொடங்கும்போது அதைக் கூப்பிட வேண்டும். அது படத்துக்கு மட்டும். தட்டிய எழுத்துகளை நீங்களே போனுக்குள் வரைவாகச் சேமித்திருந்தால்தான் மீளும். எத்தனை எழுத்துக்கு ஒரு தரம் சேமித்தீர்கள், கமராவைத் திறக்கும் முன்பா, ஒவ்வொரு பெட்டியை விட்டு நகரும்போதா, ஏன் அப்படி? இந்த ‘ஏன்’ உங்களுக்கு மட்டும்தான் தெரியும். புத்தகத்தில் கிடையாது.

நேரடி அன்ட்ரொய்டில் வேலை செய்கிறவரிடம் இதையே ‘அக்டிவிட்டி லைப்சைக்கிள்’, அதாவது ஒரு திரை பிறப்பதிலிருந்து அழிவது வரை, என்று கேட்பார்கள். ஒன்கிரியேட், ஒன்ஸ்டார்ட், ஒன்ரிசியூம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பவர்கள் நிறையப் பேர். போனைச் சாய்த்தால் என்ன நடக்கும் என்றால் சொல்வார்கள். செயலியையே அமைப்பு கொன்றுவிட்டால் திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமொடலில் உள்ளது மிஞ்சுமா என்று கேட்டால் பாதிப் பேர் மிஞ்சும் என்பார்கள். மிஞ்சாது. போனைச் சாய்ப்பதை அது தாங்கும், செயலியின் சாவைத் தாங்காது. அந்த வித்தியாசத்தை நீங்கள் விறாந்தையில் நின்ற ஒரு லீசிங் ஆளிடமிருந்து படித்திருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு “பெரிதாக ஒன்றும் செய்யவில்லை” என்கிறீர்கள்!

ஒரு எச்சரிக்கை. அந்த லீசிங் கம்பனியின் பெயரையோ, உண்மையான வாடிக்கையாளரின் அடையாள அட்டை தெரியும் திரையையோ இன்டர்வியூவில் காட்டாதீர்கள். காட்டினால் நான் ரசிக்க மாட்டேன். நாளைக்கு எங்கள் வாடிக்கையாளரின் தரவையும் இப்படித்தான் வேறு இடத்தில் காட்டுவார் என்றுதான் நினைப்பேன். அந்த ஒரு திரையை மட்டும் பொய்யான பெயர், முகவரியோடு சின்ன டெமோவாக வீட்டில் புதிதாக எழுதி, உங்கள் போனில் போட்டுக்கொண்டு போங்கள். நெட் இல்லாமலே ஓட வேண்டும். அவர்களுடைய வைஃபை பாஸ்வேர்டுக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து வியர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அசிங்க் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் கேட்டது அநேகமாக இப்படி இருந்திருக்கும்: சேர்வரில் இருந்து எழுத்தாக வரும் பெரிய ஜேசன் தரவு ஒன்றைப் பிரிக்கும் வேலையை அசிங்க் பங்ஷனுக்குள் வைத்தால் திரை இறுகாதா? நீங்கள் “இறுகாது” என்றிருப்பீர்கள். இறுகும். காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காசு மேசையில் ஒரே ஒருவர். கொத்து ரொட்டி ஓடர் வந்தால் துண்டைக் குசினிக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அவெயிட் என்பது அதுதான். நெட்வேர்க் பதில் வரும்வரை வேறு வேலை நடக்கும். ஆனால் அவரே லாச்சியைத் திறந்து சில்லறை எண்ணத் தொடங்கினால் வரிசை முழுக்க நிற்கும். ஜேசனைப் பிரிப்பது சில்லறை எண்ணுகிற வேலை. அசிங்க் என்று மேலே எழுதியதால் எண்ணுவதற்கு இன்னொரு ஆள் வந்துவிட மாட்டார். அதற்குத்தான் ஐசோலேட். பக்கத்து அறையில் தனி மேசையோடு இன்னொருவர். இரண்டு பேருக்கும் பொது லாச்சி கிடையாது, துண்டு அனுப்பித்தான் பேச வேண்டும். திரை நொடிக்கு 60 தரம் வரையப்பட வேண்டும் என்றால் ஒவ்வொரு தரத்துக்கும் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லி செக்கன். சில்லறை எண்ண அதற்கு மேல் எடுத்தால் விரலால் தள்ளும்போது திரை திக்கும்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்தது குறை இல்லை. “தெரியும் என்று நினைத்துச் சொன்னேன்” என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை. சந்தேகம் இருந்திருந்தால், “அசிங்க் போட்டால் வேறு த்ரெட்டுக்குப் போகிறதா என்று எனக்கு நிச்சயமில்லை. பெரிய பைல் ஒன்றைப் பிரித்து, டெவ்டூல்ஸில் ஃப்ரேம் நேரத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்” என்று சொல்லியிருக்கலாம். வெறும் “தெரியாது”வோடு நிறுத்தினால் அங்கே கதவு மூடிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று அதோடு சேர்த்துச் சொன்னால் நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேலேயே போட்டுவிடுவேன்.

அடையாள அட்டைக் கேள்வி கொழும்பில் பலருக்குப் பிடித்த கேள்வி. எனக்கும் பிடிக்கும். எல்லாரிடமும் ஒரு அட்டை இருக்கிறது, ஆனாலும் ஒழுங்காக எழுதுகிறவர் குறைவு. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இல் இருந்து வந்த புதியது 12 எண்கள். பழையதில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், புதியதில் முதல் நான்கு. அடுத்த மூன்று எண்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூடியிருக்கும்.

500ஐ மறந்ததற்காக யாரும் உங்களைக் கழித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நான் அந்தக் கேள்வியைக் கேட்டால் பார்த்துக்கொண்டிருப்பது வேறொன்றை. 561 என்று ஓர் உதாரணம் கொடுப்பேன். வருடத்தில் 561 நாளா என்று நிறுத்திக் கேட்கிறாரா, இல்லை 561ஐ அப்படியே திகதியாக மாற்றி அடுத்த வருடம் ஜூலைக்குப் போய் நிற்கிறாரா? நிறுத்திக் கேட்டால் 500ஐப் பற்றி நானே சொல்லிக்கொடுப்பேன். அதற்குள் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இந்த இலக்கங்களில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள் என்றுதான் கணக்கு. 1999 மார்ச் 1ஆம் திகதி பிறந்தவருக்கு சாதாரணக் கணக்கில் 60ஆவது நாள், அட்டையில் 061. அப்படியே திகதி கணக்கிடும் லைப்ரரியிடம் (ஆயத்தக் கோட்) கொடுத்தால் மார்ச் 2 என்று வரும். இது தெரிந்து ஒருவரும் வருவதில்லை. ஆனால் “என்னுடைய அட்டையைப் போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டு, ஒரு நாள் தள்ளி வந்ததைக் கண்டு, அங்கேயே மூக்கைச் சொறிந்துகொண்டு நின்று கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேரும் இப்போது என் டீமில்.

ஆங்கிலம். கொழும்பில் ஐடி இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான், அதை மாற்ற முடியாது. தேத்தண்ணி நேரத்தில் சிங்களத்தில் நாலு வார்த்தையும் வரும். எனக்கு முன்னால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, தமிழோ சிங்களமோ, ஆங்கிலம் தடக்கும். எங்கள் மனேஜருக்கே தடக்கும். தடக்கிய ஆங்கிலத்தை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். மனப்பாடம் செய்த நீளமான ஆங்கிலம்தான் கேட்கக் கஷ்டம், இடையில் ஒரு கேள்வி கேட்டால் ரயில் தடம் புரண்டுவிடும். உங்கள் படிவக் கதையை முதலில் தமிழில் ஒரு நண்பனுக்குச் சொல்லுங்கள். பிறகு அதையே குட்டிக் குட்டி ஆங்கில வசனங்களில் போனில் பதிவு செய்து கேளுங்கள். ஐந்தாறு தரம் சொன்னால் போதும். ஒவ்வொரு தரமும் சொற்கள் மாறட்டும். வெள்ளைப் பலகை இருந்தால் “வரைந்து காட்டலாமா?” என்று எழும்பிவிடுங்கள். படிவம், கமரா, அன்ட்ரொய்ட் என்று மூன்று பெட்டி வரைந்தால் பாதி ஆங்கிலம் மிச்சம்.

தமிழ் தெரிந்திருப்பது இந்தத் தொழிலில் உங்களுக்கு ஒரு கையிருப்பு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே வங்கியோ தொலைபேசிக் கம்பனியோ செயலி செய்தால் மூன்று மொழியிலும் வேண்டும் என்பார்கள். ஆங்கிலத்தில் அழகாக இருக்கும் திரையில் தமிழைப் போட்டதும் ‘உறுதிப்படுத்துங்கள்’ பட்டனை விட்டு வெளியே வழியும், ஃப்ளட்டர் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுக் காட்டும். சரி, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘கொழும்பு’ எத்தனை எழுத்து? கொ, ழு, ம், பு என்று நாம் நான்கு எண்ணுவோம். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டிடம் நீளம் கேட்டால் எழுத்தின் உடலையும் குறியையும் தனித்தனியே எண்ணி எட்டு என்கிறது, ஜாவாவும் கொட்லினும் அப்படியே. ஐபோனுக்கு எழுதும் ஸ்விஃப்ட் மட்டும் நம் பக்கம், நான்கு என்கிறது. படம் இல்லாத பயனருக்கு வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைக் காட்டும் செயலிகளைப் பாருங்கள். கோமதிக்கு ‘க’ என்று இருக்கும், சிவாவுக்கு ‘ச’. குறியைப் பிய்த்துவிட்டு உடலை மட்டும் காட்டுகிறது. டார்ட்டில் கரக்டர்ஸ் பக்கேஜைப் பாவித்தால் கோவும் சியும் ஒழுங்காக வரும். ஒரே ஒரு வரித் திருத்தம், ஆனால் தமிழோ சிங்களமோ வாசிக்கிறவர் கண்ணுக்குத்தான் அந்தப் பிழை தெரியும். உங்கள் டெமோவில் இதையும் ஒரு மூலையில் வையுங்கள். சிங்களம் பேசும் தலைவர் ஒருவர் எதிரே இருந்தால் உடனே தன் பெயரைத் தட்டிப் பார்ப்பார், பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன்.

கொட்லினா, ஐபோனா? ஃப்ளட்டரை விட்டுவிட்டு ஓட வேண்டாம். கொட்லினில் ஒரு மாதம் செலவழியுங்கள். உங்கள் படிவத் திரையை அதில் ஒரு தரம் எழுதினால் போதும், ஃப்ளட்டருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று புரியும், புரிவதைச் சொல்லவும் வரும். ஐபோனுக்கு எழுத அப்பிளின் மக் கணினி வேண்டும். சொந்த மக் இல்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள், கொழும்பில் பலர் கம்பனி மக்கில்தான் பழகினார்கள். அப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டொலர், கூகிளுக்கு ஒரே தரம் 25 டொலர். முதலில் பிளே ஸ்டோரில் சின்னதாக ஒன்றைப் போடுங்கள். ஆனால் 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதைப் பரீட்சித்திருக்க வேண்டும். முன்பு 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள். குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் மாமிமாரையும் மச்சான்மாரையும் பிடித்துப் போடுங்கள். ஒரு மாமியின் போனிலாவது செயலி உடையும். அது உங்களுக்கு இன்னொரு கதை.

வீட்டில் செய்துவரச் சொல்லும் வேலை கொடுத்தால், அதை எடுத்ததும் நான் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத்தான் திறப்பேன். பாதிப் பேரின் வேலை அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். அடுத்தது தேடல் பெட்டியில் வேகமாகத் தட்டுவேன். பழைய சொல்லுக்கான பதில் பிந்தி வந்து புதியதை மூடுகிறதா என்று பார்க்க. கோடின் மாற்றங்களைப் படிப்படியாகப் பதியும் கிட்டில் ‘பைனல்’ என்று ஒரே ஒரு கொமிட் (பதிவு) இருந்தால் மனம் கொஞ்சம் சுருங்கும். சட்ஜிபிடி பாவித்தீர்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு “இது ஏன்?” என்பேன், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சம்பளத்தை எச்ஆர்தான் கேட்பார், அநேகமாக முதல் போனிலேயே. இப்போது எடுப்பதை ஒளிக்கவும் வேண்டாம், அதிலிருந்தே தொடங்கவும் வேண்டாம். இதே வேலை செய்யும் இரண்டு மூன்று நண்பர்களிடம் விசாரித்து ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழிப்பார்கள், அவர்கள் 12 வீதம் போடுவார்கள், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். எந்தத் தொகைக்கு இந்த வீதம் என்பது அந்தப் பிரிவினையில் தங்கியிருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 ரூபா வரை சம்பளத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் கேட்கும்போது கையில் வருவதைக் கணக்குப் பாருங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், இடையில் விலகினால் காசு கட்ட வேண்டும் என்று ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். எனக்கு முதல் வேலையில் அப்படி ஒன்று இருந்தது. வாசிக்காமல் போட்டேன், எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கடைசியாக உங்கள் படிவத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அது என்னை விடவில்லை. வரைவைச் சேமித்தீர்கள், தொலைந்த படத்தை மீட்டீர்கள், நல்லது. அந்த லீசிங் ஆள் முதல் வீட்டில் படம் எடுத்ததும் செயலி செத்துப்போகிறது. அவர் எரிச்சலில் திரும்பத் திறக்காமல் அடுத்த வீட்டுக்குப் போகிறார். அங்கே திறந்து, புதிய வாடிக்கையாளருக்குப் புதிய படிவம் தொடங்குகிறார். இப்போது மீண்டு வரும் அந்த அடையாள அட்டைப் படம் எந்தப் படிவத்தில் ஒட்டிக்கொள்கிறது? உங்கள் கோடைத் திறந்து பாருங்கள். நானாக இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்.